குடிலுக்கு நாலு பொம்மை

அந்தக் கதிரையில் இருக்க வேண்டாம் ஐயா, அதற்கு ஒரு கால் ஆட்டம். என் மனுசனைக் குளிப்பாட்ட அதில்தான் இருத்துவோம்; தண்ணீர் பட்டுப் பட்டு உக்கிப் போயிற்று. சுவரோரம் கிடக்கிறதை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். வேப்பமரத்தடியில் இருக்கிற அந்த மனுசிக்கும் தேத்தண்ணீர் கொடுத்து விட்டேன். தொடாமல் வைத்திருக்கிறாள். வவுனியாவுக்கும் அங்காலே இருந்து பஸ்ஸில் வந்த உடம்பு, வெறுவயிறு கூடாது. உங்களோடு வந்த பொலிஸ் தம்பியிடம் சொல்லி ஒரு வாய் குடிக்கப் பண்ணுங்கள்.

நீங்கள் கேட்கிற எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லுகிறேன். பொய் சொல்லித் தப்பி ஓட எனக்கு இனி வயதுமில்லை, இடமுமில்லை. முதலில் இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். நான் மக்டலின். என் மனுசன் சவிரிமுத்து. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், கட்டிலோடு கிடந்து போன வருசம்தான் கண்ணை மூடினார். இளைய மகன் கீதன். அவன் பெண்சாதி றஜனி. மூத்தவன் ஒருவன் இருந்தான், கிருஷாந்தன். அவன் கதை பிறகு வரும். சண்டைக் காலத்தில் மன்னார்ப் பக்கமிருந்து வள்ளத்தில் வந்து இந்தக் கரையில் ஒதுங்கினோம். கொட்டில் அடித்துக் கருவாட்டு வாடி போட்டோம். தலவில அன்னம்மாள் கோயில் மணி காற்று வாக்கில் கேட்கிற தூரம். அந்தத் தாயின் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தோம்.

அன்னம் எப்படி வந்தாள் என்று கேட்டீர்கள்.

சண்டை முடிந்து அடுத்த வருசத்து ஆவணித் திருவிழா. வன்னிச் சனத்தை முகாம்களில் இருந்து வெளியே விட்டிருந்த நேரம். நேர்த்திக்கடன் இல்லாத ஆளில்லை. கோயில் மணலில் கால் வைக்க இடமில்லை. மரத்துக்கு மரம் படங்கு கட்டிச் சமைத்துத் தின்று படுத்திருந்தார்கள். கடற்கரைப் பக்கம் ஒதுங்கப் போன இடத்தில், அடம்பன் கொடிக்குள் ஒரு பெட்டை தனியே இருந்து அழுதுகொண்டிருந்தாள். பத்துப் பதினொரு வயது இருக்கும். தொட்டுப் பார்த்தேன், உடம்பு அனலாய்க் கொதித்தது.

"ஆரோட வந்தனி பிள்ளை?"

"சின்னம்மாவோட."

"சின்னம்மா எங்க?"

"தெரியாது. தண்ணி எடுக்கப் போனவ."

"அப்ப அம்மா?"

"சண்டையின்ர கடைசி நேரம் விலகிப்போனம். வருவா."

எனக்கு மனம் கேட்கவில்லை. மடியில் கிடத்தி முகத்தைத் துடைத்து விட்டேன். கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிப் போனாள். ரஸாக் என்றவன் தன் வான் வண்டியோடு அங்கே நின்றான். அவன் பக்கத்துக் கனமூலை ஊரான், என்னிடம் கருவாடு எடுத்து விற்கிறவன், திருவிழாவுக்கு வருகிற சனத்திடம் நல்ல வியாபாரம் நடக்கும் என்று வந்திருந்தான்.

"ஆர் அக்கா இந்தப் புள்ள?"

"எங்கட சனம்தான் ரஸாக். தாய் தகப்பன் இல்லை."

"அல்லாஹ் ஒங்களுக்குக் கூலி தருவான் அக்கா. ஏறுங்க," என்றான். வீட்டு வாசல் மட்டும் கொண்டுவந்து விட்டான். வான்கூலி வாங்கவில்லை.

அன்னம்மாள் கோயிலில் கிடைத்தபடியால் அன்னம் என்று பேர் வைத்தோம். அவள் வேறொரு பேர் சொன்னாள். அது எங்கள் வாயில் நிற்கவில்லை.

நான் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, றஜனியைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் கோப்பையில்தான் அவளும் சாப்பிட்டாள், நாங்கள் சாப்பிட்டு எழும்பின பிறகு. எங்கள் உடுப்பைத்தான் உடுத்தாள். மீனைக் கீறிக் குடல் எடுத்து உப்புத் தடவ ஒரு கிழமையில் பழகிவிட்டாள். எல்லாவற்றிலும் பெரிய காரியம், என் மனுசனைப் பார்த்துக்கொண்டது. அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகு புண்ணாகாமல் பவுடர் போட்டு, கஞ்சி தீத்தி, மலசலம் எடுத்து, ஒரு முகச் சுளிப்பு இல்லை. றஜனி ஒரு தடவை முகம் சுளித்தாள், நான் கண்டேன். அன்னம் சுளிக்கவில்லை. அந்த மனுசனுக்கும் அவளைக் கண்டால் நல்ல பக்கத்துக் கை அசையும்.

பள்ளிக்கூடத்துக்கு விடவில்லையா என்று கேட்கிறீர்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் எந்தப் பள்ளிக்கூடம் எடுக்கும்? பத்திரத்துக்குக் கிராம சேவகர், அந்த ஜீ.எஸ்ஸிடம் போனால் ஆர் பிள்ளை, எங்கே கிடைத்தது என்று துருவித் துருவிக் கேட்டு, கடைசியில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அந்த இல்லத்துச் சாப்பாடு எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா? ஞானஸ்நானம்கூட நான் கொடுப்பிக்கவில்லை. கொடுத்தால் கோயில் புத்தகத்தில் பேர் விழும். பேர் விழுந்தால் கேள்வி வரும். பிறகு என் மனுசனை ஆர் புரட்டுகிறது?

எண்ணுகிற காரியத்திலேயே எனக்கு நம்பிக்கை இல்லை ஐயா. நாங்கள் ஊரில் இருந்தபோது ஒரு ஆமிச் சுற்றிவளைப்பு நடந்தது. கோயில் வளவில் எங்களை வரிசையாக இருத்தி எண்ணினார்கள். எண்ணி முடித்துவிட்டுக் கிருஷாந்தனை எழும்பச் சொன்னார்கள். அவ்வளவுதான். அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஏறாத படியில்லை. அதற்குப் பிறகு எவன் தலையை எண்ண வந்தாலும் என் கை ஒன்றைப் பின்னுக்கு மறைத்துக்கொள்ளும். அது பழக்கம். அன்னத்தை மறைத்ததும் அவளைக் காக்கத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பொம்மைக் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

குடிசன மதிப்பீடென்று தலை எண்ண வீடு வீடாக வந்தார்களே, அதற்கு முந்தின நத்தார். எங்கள் பங்குக்குப் புதிதாக ஒரு சுவாமி வந்திருந்தார். உரோமையில் படித்தவர், கதை சொல்லத் தொடங்கினால் பூசை நீளும். "சூசையப்பரும் மாதாவும் பெத்லகேமுக்கு ஏன் போனவை?" என்று கேட்டார்.

"பிள்ளை பெற, சுவாமி," என்றான் கடைசி வரிசைப் பின்வாங்கில் இருந்து ஒருவன். கோயில் முழுக்கச் சிரிப்பு.

"பிள்ளை பெறவெண்டால் வீட்டில இருந்திருப்பினமே மோனே. பேர் பதியப் போனவை. உரோமை ராயன் ஆள் கணக்குக் கேட்டவன்," என்றார் சுவாமி.

பிறகு பழைய உரோமைக் கதை வந்தது. அங்கே அஞ்சு வருசத்துக்கு ஒரு முறை ஊரை எண்ணுவார்களாம். அதற்கென்று இரண்டு அதிகாரிகள். ஊருக்கு வெளியே ஒரு பெரிய வெளியில் போய் இருப்பார்கள். வீட்டில் உள்ள எல்லாரும் வரத் தேவையில்லையாம்; வீட்டுத் தலைவன் வந்தால் போதும். மனமறியச் சத்தியம் பண்ணி, தன் பேர், தகப்பன் பேர், வயது, பெண்சாதி, பிள்ளைகள், காணி, அடிமைகள் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதுவார்கள். அவன் சொன்னது கணக்கு. தன்னைப் பதியாமல் ஒளித்தவனின் சொத்தைப் பறித்து, அவனையே அடிமையாக விற்றுப்போடவும் சட்டம் இருந்ததாம். எண்ணி முடிந்ததும் ஒரு பன்றி, ஒரு செம்மறி, ஒரு காளை, மூன்றையும் சனத்தைச் சுற்றி நடத்திக்கொண்டு வந்து வெட்டிப் பலி கொடுப்பார்களாம், ஊர் சுத்தமாகட்டும் என்று.

"அப்ப இறைச்சி ஆருக்கு சுவாமி?" என்று அதே பின்வாங்குக்காரன் கேட்டான்.

"உனக்கில்லை," என்றார் சுவாமி.

இன்னொன்றும் சொன்னார். அந்தச் சனத்துக்கு மாரிகாலத்தில் ஒரு திருநாள். சந்திக்குச் சந்தி சிறு கோயில்களில் கம்பளி நூலால் செய்த பொம்மைகளைக் கட்டித் தூக்குவார்களாம், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பொம்மை. அடிமைகளுக்குப் பொம்மை இல்லை, வெறும் நூலுருண்டை. ஒரு அடிமைக்கு ஒரு உருண்டை. உருவத்துக்குக் கைகால் முகம் உண்டு, உருண்டைக்கு ஒன்றுமில்லை.

"நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களில உருண்டை ஒருத்தருமில்லை," என்று சொல்லிவிட்டு, அந்த வருசம் பாலன் குடிலுக்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் எத்தனை தலையோ அத்தனை களிமண் பொம்மை செய்து கொண்டுவந்து வைக்க வேண்டும் என்றார். எல்லாரும் பெத்லகேமில் பதிவாகிறோம் என்று அர்த்தம். சனத்துக்கு அது நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. களப்பில் சேறு எடுக்கப் பெரியவர் சிறியவர் என்றில்லாமல் போனார்கள்.

எங்கள் வீட்டில் பொம்மை செய்தது அன்னம். றஜனி பக்கத்தில் இருந்து பகிடி விட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமிக்கு மூக்கைக் கொஞ்சம் இழுத்து வை அன்னம். எல்லார்ர வீட்டுக்கையும் நுழையிற மூக்கு."

"பெரியம்மா கேக்கப்போறா அக்கா."

"கேக்கட்டும். என்ர மனுசனுக்கு வயிறு வை. இல்லாட்டி வேற ஆரோ எண்டு நினைப்பினம்."

நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. என் மனுசனை அவள் கட்டிலோடு செய்திருந்தாள், படுத்திருக்கிறபடி, ஒரு கை மாத்திரம் தூக்கின மாதிரி. அதைக் கொண்டுபோய் அவருக்குக் காட்ட, அவருக்குக் கண்ணால் தண்ணீர் வழிந்தது.

வெயிலில் காய வைத்திருந்த பலகையில் போய்ப் பார்த்தேன். அஞ்சு நின்றது. அஞ்சாவது சின்னன். இரட்டைப் பின்னல், ஈர்க்கால் கீறின கண், சிரிக்கிற வாய்.

"இது ஆர்?"

"நான்தான் பெரியம்மா."

நான் ஏசவில்லை. அஞ்சு பொம்மை கோயிலுக்குப் போனால் சுவாமி கேட்பார், சனம் கேட்கும், ஜீ.எஸ்ஸின் காதுக்குப் போகும். ஆறுதலாகத்தான் அதைக் கையில் எடுத்தேன். மண் இன்னும் ஈரம். உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். பின்னல் போயிற்று, கண் போயிற்று, நல்ல வழுவழுப்பான உருண்டையாக வந்தது.

"சுவாமி சொன்னவரெல்லே," என்றேன். "இது உன்ர."

அவள் மற்ற நாலையும் பலகையில் நேராக்கி வைத்தாள். அழுதிருந்தால் நான் தேற்றியிருப்பேன். உருண்டையை அடுப்புக்குள் போட்டேன். நாலு பொம்மையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தோம். கட்டில் பொம்மையைப் பார்த்துச் சுவாமி நல்லாய்ச் சந்தோசப்பட்டார். இரண்டொரு நாள் கழித்துச் சாம்பல் அள்ளும்போது உருண்டை சுட்டுச் சிவந்து கல்லு மாதிரிக் கிடந்ததாம். அன்னம் அதை எடுத்துக் கழுவித் தன் பாயின் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வேண்டும்தானே.

நத்தார் முடிந்து இரண்டு மூன்று மாதத்தால் உண்மையான கணக்கு வந்தது. கதவு நிலையில் ஒட்டின இலக்கம் இன்னும் இருக்கிறது, நீங்கள் வரும்போது கண்டிருப்பீர்கள். எழுத வருகிற நாள் தெரிந்தபடியால், விடியவே கீதனின் வள்ளத்தில் அன்னத்தை உச்சமுனைக்கு அனுப்பினேன். அந்தத் தீவில் எங்கள் சனத்தின் வாடி ஒன்று இருக்கிறது. வலை சிக்கெடுக்க ஆள் தேவை என்று சொன்னேன்.

எழுத வந்தவன் நஜாத். கல்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை, அரசாங்கக் கந்தோரில் வேலை, நல்ல மரியாதை. ரஸாக்கும் அந்த நேரம் முற்றத்தில் குந்தி இருந்து கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுல எத்தன பேர் உம்மா?"

"நாலு."

"வேலைக்கி நிக்கிறவங்க, வந்து தங்கினவங்க, வேற ஆரும்?"

"ஒருத்தருமில்லைத் தம்பி."

அவன் எழுதினான். வீட்டுத் தலைவன் சொன்னால் சொன்னதுதான். என் மனுசனுக்குப் பேச்சில்லாதபடியால் நான் சொன்னேன். கட்டிலில் இருந்து அவர் ஏதோ சத்தம் வைத்தார். "தண்ணி கேக்கிறார்," என்று நஜாத்துக்குச் சொன்னேன். நஜாத் போகும் மட்டும் ரஸாக் தராசில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"அக்கா, ஒங்கட கருவாட்டுல உப்புக் கொறஞ்சாலும் கணக்குல கொறயாது. இண்டைக்கி ஒரு தல கொறயிது."

"அது வந்து போற பிள்ளை ரஸாக்."

"வந்தத நான் கண்டன், எண்ட வான்ல. போனத இன்னும் காணல்லியே."

"நீ உன்ர தராசைப் பார்," என்றேன். அவன் பார்த்தான். ஆனால் மறக்கவில்லை, அதுதான் இன்றைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவனில் எனக்குக் கோபமில்லை. திருவிழாவில் அந்த வேப்பமரத்தடி மனுசியின் கையில் இருந்த படத்தை இந்த வருசம்தான் கண்டானாம். கண்டவன் சொல்லத்தான் வேண்டும்.

அன்றைக்குப் பொழுதுபட அன்னம் தீவிலிருந்து வந்த வள்ளத்தை விட்டிறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"பெரியம்மா, அங்கையும் எழுத வந்தவை! என்ர பேரையும் கேட்டவை. நான் சொன்னன், என்னைக் கரையில எங்கட வீட்டில எழுதுவினம் எண்டு."

கெட்டிக்காரி என்று தலையைத் தடவினேன்.

"இங்க என்னை எழுதினவையோ பெரியம்மா?"

"ஓம்."

"என்ன பேர் குடுத்தீங்கள்?"

"உன்ர பேர்தான்."

"அப்ப அம்மா போய்க் கேட்டா, நான் இங்க இருக்கிறன் எண்டு சொல்லுவினம்தானே?"

"சொல்லுவினம்," என்றேன்.

ஒரு பிள்ளையைச் சந்தோசப்படுத்துகிற சொல்லில் என்ன பாவம்? அதற்குப் பிறகு அவள் வேலையெல்லாம் பாட்டோடுதான். ஆனால் ஒழுங்கையில் ஒரு ஓட்டோச் சத்தம் கேட்டால் போதும், உப்புக் கையோடு வேலிக்கு ஓடுவாள். ஓட்டோ போன பிறகு திரும்பி வருவாள். அடுத்ததுக்கும் ஓடுவாள். மாதக் கணக்கில் இப்படி. வேலி ஓரம் புல்லு முளைக்காமல் போயிற்று. எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது உண்மைதான்.

திரும்ப ஆவணி வந்தது. அவளாகவே கேட்டாள்.

"இந்த முறை என்னையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ பெரியம்மா. சின்னம்மா என்னைத் துலைச்ச இடம் அதுதானே. அங்கதான் தேடி வருவினம்."

பிள்ளை யோசித்து யோசித்துச் சரியான இடத்துக்கு வந்துவிட்டாள். முந்தின வருசத் திருவிழாவுக்கும் அவளைக் கருவாட்டு அறையில் விட்டுப் பூட்டிவிட்டுத்தான் போனேன். ஒரு கரச்சலும் வரவில்லை. பின்னேரம் திறந்தபோது நித்திரையாகிக் கிடந்தாள். அதனால் இந்த முறையும் அப்படியே செய்தேன். கச்சான் காற்றுக் காலம், கடல் இறங்க ஏலாது, கீதன் முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தான். அறை வெறுமையாகக் கிடந்தது, நாற்றம்கூட இல்லை. தகரக் கூரை, உயரத்தில் ஒரு சின்னச் சாளரம். ஒரு குடம் தண்ணீர் நிறைத்து வைத்தேன். சாப்பிட இரண்டு பணிஸ் வைத்தேன். றஜனியிடம், அன்னம் களப்பு வழியாகத் தீவுக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன். அந்த அறையின் சுவருக்கு மற்றப் பக்கம்தான் என் மனுசனின் கட்டில். தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் நான் முன்னே சொன்ன ஒன்றைத் திருத்த வேண்டும் ஐயா. பிறகு அந்த மனுசி சொல்லி நீங்கள் அறிந்தால் நான் மறைத்த மாதிரி ஆகிவிடும். முதல் வருசம், அவள் காய்ச்சலோடு என் மடியில் நித்திரையாகிக் கிடந்தாளே, அப்போது கோயில் ஸ்பீக்கரில் சொன்னார்கள். திருவிழாவில் பிள்ளைகள் காணாமல் போவதும், ஸ்பீக்கரில் கூப்பிடுவதும் எந்த வருசமும் நடக்கிறதுதான். "லக்சனா, வயது பதினொன்று, நீலச் சட்டை, கிளிநொச்சி. சின்னம்மா கோயில் வாசலில் நிற்கிறார்." மூன்று நான்கு தரம் சொன்னார்கள். பிறகு அந்தப் பெண்ணின் குரலே கேட்டது, அழுகையோடு. நான் மடியைப் பார்த்தேன். சட்டை நீலம்தான். நீலச் சட்டை எத்தனையோ பிள்ளைகள் போட்டிருந்தன. அதோடு, ஒரு பிள்ளையைச் சரியாகப் பார்க்கத் தெரியாத சின்னம்மாவிடம் திருப்பிக் கொடுத்து என்ன பிரயோசனம்? அப்போதுதான் நான் ரஸாக்கைக் கூப்பிட்டு வானை எடுக்கச் சொன்னது.

சரி. அந்தக் கடைசித் திருவிழாவுக்கு வருவோம்.

கூட்டுப் பூசை முடிந்து சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு மரத்தடியில் இருந்தேன். றஜனி சிலாபத்துக்குத் தாய் வீட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டாள். அப்போது ஒரு மனுசி ஒவ்வொரு படங்காகக் குனிந்து குனிந்து வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படம். அதோ, வேப்பமரத்தடியில் இருக்கிறாளே, அவள்தான்.

"அக்கா, இந்தப் பிள்ளையை எங்கையும் கண்டனீங்களே? லக்சனா எண்டு பேர். இங்கதான் துலைஞ்சது. நான் அப்ப ஆஸ்பத்திரியில. தங்கச்சிதான் கூட்டிக்கொண்டு வந்தவள்."

படத்தை வாங்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடச் சட்டை, இரட்டைப் பின்னல், ஒரு பல்லு இல்லை.

"இல்லைத் தங்கச்சி. நான் காணேல்லை."

"இப்ப வளந்திருப்பாள்."

"ஓம், வளந்திருப்பாள்."

படத்தோடு அலைகிறது எப்படியென்று எனக்குத் தெரியும். கிருஷாந்தனின் படத்தை இப்படித்தான் நானும் உறை போட்டு வைத்திருந்தேன். கிருஷாந்தனைக் கொண்டுபோனவர்கள் என்னை இருக்கவும் சொல்லவில்லை, எனக்கு ஒரு பிடி சோறும் தரவில்லை. நான் அவளைப் பக்கத்தில் இருத்தினேன். என் பார்சலில் பாதியைக் கொடுத்தேன். சாப்பிட்டாள். கத்தரிக்காய்ப் பால்கறி நல்லாய் இருக்கிறது என்று சொன்னாள். அதைக் காலையில் வைத்தது அன்னம். அன்றைக்கு என் கையால் வாங்கிச் சாப்பிட்டவள், இன்றைக்குத் தேத்தண்ணீரைத் தொடுகிறாளில்லை.

உடனே வீட்டுக்குப் போயிருக்கலாம்தானே என்று கேட்கிறீர்கள். போயிருக்கலாம். ஆனால் சுற்றுப்பிரகார ஊர்வலம் முடியாமல், ஆசீர்வாதம் வாங்காமல் எழும்பக் கூடாது. அதோடு அந்த மனுசி வாசலிலேயே நின்றாள். அவள் போகும் மட்டும் நான் வெளிக்கிட விரும்பவில்லை. அந்த நாள் நல்ல வெயில். காற்று அடித்தும் மணல் சுட்டது.

பொழுது சாயத்தான் வந்து சேர்ந்தேன். முதலில் கண்டது என் மனுசனை. கட்டிலில் இருந்து விழுந்து, அறை வாசல் மட்டும் இழுபட்டு வந்து நிலத்தில் கிடந்தார். ஒரு பக்கம் விழுந்த உடம்பை எப்படி இழுத்தாரோ தெரியாது; நல்ல கையின் முழங்கை தோலுரிந்து இரத்தம். என்னைக் கண்டதும் அறைப் பக்கம் கையைக் காட்டிக் காட்டி ஊளையிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டினதை அவர் நாள் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். எப்போது தட்டல் நின்றதென்று அவருக்குத்தான் தெரியும், அவருக்குப் பேச்சில்லை. அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, முழங்கையைக் கழுவி மருந்து கட்டின பிறகுதான் அறையைத் திறந்தேன். அன்றைக்குப் பிறகு சாகும் மட்டும் அவர் என் கையால் சோறு வாங்கவில்லை. றஜனிதான் தீத்தினாள்.

குடம் சரிந்து கிடந்தது. நான் நிறைத்துத்தான் வைத்தேன் ஐயா, அதை எழுதிக்கொள்ளுங்கள். அது சரிந்தது என் பிழை இல்லை. பணிஸ் இரண்டும் அப்படியே இருந்தன. சாளரத்துக்கு எட்டப் பார்த்திருக்கிறாள் போல, சுவரில் கைப்பட்ட அடையாளம் இருந்தது. வாசற்படியோடு ஒட்டிக் கிடந்தாள். கதவின் கீழ் நீக்கலுக்கு நேரே முகம். தகரக் கூரையின் வெக்கை அந்த நேரமும் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி, பொலிஸ் என்று ஏன் போகவில்லை என்று உங்களைப்போல் படித்தவர்கள் கேட்பீர்கள். போய் என்ன பேரைச் சொல்லுகிறது? பிறந்ததாகப் பதியாத பிள்ளையைச் செத்ததாக எப்படிப் பதிகிறது? அரசாங்கத்தின் கணக்கில் இந்த வீட்டில் நாலு பேர். நாலு பேரும் உயிரோடு இருந்தோம். ஒன்றும் குறையவில்லை.

கிணற்றடிக்கு அங்கால் தென்னம்பிள்ளை வைக்கக் கீதன் கிடங்கு வெட்டிப் போட்டிருந்தான். மணல் நிலம், இன்னும் கொஞ்சம் ஆழமாக்க எனக்குக் கஷ்டமிருக்கவில்லை. குளிப்பாட்டித் தலை வாரிப் பின்னினேன். என் நல்ல சேலையில் ஒன்றைச் சுற்றினேன். அன்னம்மாள் மன்றாட்டைச் சொன்னேன். மேலே தென்னம்பிள்ளையை வைத்தேன். கீதனுக்கும் றஜனிக்கும், தீவில் இருந்து ஆரோடோ ஓடிப்போய்விட்டாள் என்றேன். "நன்றியில்லாததுகள்" என்றான் கீதன். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்களை விட்டுவிடுங்கள். வாருங்கள், இடத்தைக் காட்டுகிறேன். மண்வெட்டி கொட்டிலுக்குள் இருக்கிறது. தென்னையின் வேர் அறாமல் தோண்டச் சொல்லுங்கள், இப்போதுதான் பாளை வந்திருக்கிறது.

தோண்டும்போது ஒரு மண்ணுருண்டை வரும். கல்லென்று எறிந்துவிட வேண்டாம். அதை அவளின் கையில் வைத்துத்தான் மூடினேன். அறையைத் திறந்தபோதே அது கைக்குள் இருந்தது, விரல்களை ஒவ்வொன்றாய் விரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்த நேரத்தில் ஒரு ஆணியைத் தேடி எடுத்து அதில் கீறியிருக்கிறாள். இரண்டு கண், ஒரு வாய், இரண்டு பக்கமும் பின்னல்.

அதை நான் கிணற்றுக் கல்லில் தேய்த்து அழித்துவிட்டுத்தான் திரும்ப அவளிடம் கொடுத்தேன். பிள்ளை என்றால் எனக்கு உயிர்தான் ஐயா. ஆனால் கணக்கென்றால் சரியாக இருக்க வேண்டும்.